தாமரை இலைக் கிச்சடி

வருஷா வருஷம் ஆனி மாச வாக்கில் பேப்பரில் அந்தப் போட்டோ வரும், பார்த்திருப்பீர்கள். பூரி ஜகந்நாதர் தேர். கீழே தலை தலையாக ஜனம். அதற்குப் பக்கத்தில், இடம் மிச்சமிருந்தால், தபால் தலை சைஸில் இன்னொரு போட்டோ. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகையில் சிலர் ஒரு தேரோடு போய்க்கொண்டிருப்பார்கள். 'மணிப்பூர் தலைநகர் இம்பாலிலும் ரத யாத்திரை நடைபெற்றது' என்று கீழே ஒரு வரி.

அந்த 'இம்பாலிலும்' கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'உம்' இருக்கிறதே, அதன் மேல்தான் இந்த வாரம் எனக்குக் கோபம்.

அசல் பூரியில் இருக்கிறது, மற்றதெல்லாம் ஜெராக்ஸ் என்கிறது அந்த 'உம்'. ஜெராக்ஸை யார் நின்று பார்ப்பார்கள்? எனவே யாரும் பார்க்கவில்லை. மணிப்பூர் என்றால் நமக்கு ஏ.கே. 47, மேரி கோம், நிர்வாணமாகப் போராடிய தாய்மார்கள், 2023-க்குப் பிறகு எரிகிற வீடுகள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே ஊரில் ஒரு தேர் ஓடுகிறது, அந்தத் தேருக்குப் பின்னால் ஒரு பெரிய பாட்டு இருக்கிறது, அதற்கும் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. பாட்டையும் வழக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேர் புரியும்.

அவர்கள் அதைக் 'காங் சிங்பா' என்கிறார்கள். காங் என்றால் தேர். சிங்பா என்றால் இழுப்பது. தேரிழுப்பு, அவ்வளவுதான். மெய்தேய் காலண்டரில் இங்கேன் என்று ஒரு மாசம். நம் ஜூன், ஜூலை. அதில் வளர்பிறை இரண்டாம் நாள் ஆரம்பித்துப் பத்து நாள் நடக்கும்.

முதலில் பூரியோடு ஒப்பிட்டு முடித்துவிடலாம். எப்படியும் மனசு அங்கேதான் ஓடும்.

பூரியில் மூன்று தேர். ஜகந்நாதருக்கு பதினாறு சக்கரம், பலபத்திரருக்கு பதினான்கு, சுபத்திரைக்குப் பன்னிரண்டு. வருஷா வருஷம் புது மரம் வெட்டிப் புதுசாகச் செய்கிறார்கள். பெரிய தேர் சுமார் 45 அடி உயரம். சாமிகள் மூன்று கிலோமீட்டர் போய், குண்டிச்சா கோயிலில் ஒரு வாரம் தங்கி, பிறகு திரும்பி வருகிறார்கள். இம்பாலில் ஒரே தேர்தான். அண்ணன், தம்பி, தங்கச்சி மூன்று பேரும் ஒரே வண்டியில். கோவிந்தஜி கோயிலிலிருந்து கிளம்பி, அரண்மனை வாசலான சனாதோங் வரை போய்த் திரும்பும். பிரம்மாண்டம் என்று பார்த்தால் பூரிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஏனென்றால் இம்பால் தேரின் வேலையே வேறு. அது போகிற வழியெல்லாம் ஜனங்கள் தட்டோடு நிற்கிறார்கள். பழம், பூ, ஊதுபத்தி, விளக்கு. தேர் நின்று நின்று வாங்கிக்கொண்டு போகிறது. அன்னாசிப்பழ சீசன் வேறு. மேலே இருப்பவர்கள் சங்கு ஊத, வெண்சாமரம் வீச, கீழே 'புங்' என்கிற மத்தளம் முழங்க, படைத்த பழத்தில் ஒரு பங்கு பிரசாதமாக மறுபடி ஜனத்திடமே வந்து சேர்கிறது. இது பெரிய கோயில் தேர். இதைத் தவிர லெய்காய்தோறும் குட்டிக் குட்டித் தேர்கள் உண்டு. லெய்காய் என்றால் நாம் பேட்டை என்கிறோமே, அது. சின்னப் பையன்களும் பெண்களும் அவர்கள் உயரத்துக்கு ஒரு காங் செய்து தெருவில் இழுத்துக்கொண்டு போவார்கள். நான் பத்திரிகை ஆசிரியராக இருந்தால் இந்தக் குட்டித் தேரைத்தான் முதல் பக்கத்தில் போடுவேன்.

இன்னொரு சமாசாரம். காங் என்கிற பெயரில் ஒரு விளையாட்டும் உண்டு. ஒரு கொடியின் தட்டையான விதையை வைத்து வீட்டுக்குள்ளே கட்டம் போட்டு, குறி பார்த்து அடிக்கிற ஆட்டம். சைராவ்பா என்கிற அவர்கள் வருஷப் பிறப்பில் ஆரம்பித்து இந்தத் தேர் வரைக்கும்தான் ஆட வேண்டும், மற்ற நாளில் ஆடினால் கெட்ட ஆவி வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. இப்போது டோர்னமெண்ட் எல்லாம் வந்துவிட்டது. ஆவிகளும் விசில் அடித்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருக்கும் போல.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

தேரை இழுத்தாகிவிட்டது, விழா முடிந்தது என்று போட்டோகிராபர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகுதான் விழாவின் நல்ல பகுதி ஆரம்பிக்கிறது. பத்து நாளும் சாயங்காலம், கோயில் மண்டபங்களிலும் லெய்காய் மண்டபங்களிலும் 'குபாக் இஷை' நடக்கும். குபாக் என்றால் கைத்தட்டு. இஷை என்றால் பாட்டு. இஷை, இசை என்று உடனே முடிச்சுப் போட்டு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம். மெய்தேய் மொழி திபெத்திய பர்மியக் குடும்பம். இது வெறும் தற்செயல். ஆனால் கேட்க சந்தோஷமாக இருக்கிறது இல்லையா?

பெண்கள் பாடினால் நுபி குபாக் இஷை. ஆண்கள் பாடினால் நுபா குபாக் இஷை. பெண்கள் பாடுவதைத்தான் நான் உசத்தி என்பேன். மெல்லிய நிறத்தில் பானெக், அதாவது இடுப்பில் சுற்றுகிற துணி. மேலே வெள்ளையாக, காற்று மாதிரி ஒரு இன்னாஃபி. வரிசையாக நின்று பாடிக்கொண்டே தட்டுகிறார்கள். மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். நம் கச்சேரிக் காதுக்கு முதல் ஐந்து நிமிஷம் கொஞ்சம் கஷ்டம். குரலை நடுங்கவிட்டு, உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, அழுகையா பாட்டா என்று தெரியாத ஒரு இடத்தில் தொங்கவிடுவார்கள். கமகம் என்று நாம் நினைக்கிற எதுவும் இல்லை. பிறகு கைத்தட்டு நெருங்க ஆரம்பிக்கும். உடம்பு லேசாக வளையும். புங் காலம் மாற்றும். கேட்கிறவர்கள் தன்னையறியாமல் தட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

இந்தக் கைத்தட்டைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் கைத்தட்டல் என்பது பாட்டு முடிந்த பிறகு ரசிகர் தருவது. இங்கே அதுதான் வாத்தியம். எந்தக் குருவிடமும் போய்ப் பன்னிரண்டு வருஷம் உட்கார வேண்டியதில்லை. நல்ல பாடகிக்கும், பக்கத்து வீட்டிலிருந்து சும்மா வந்து நிற்கிற அம்மாவுக்கும் அந்த வாத்தியம் ஒன்றேதான். சரி, அப்படியானால் எல்லாரும் ஒன்றாகிவிட்டார்களா என்றால், இல்லை. கூட்டத்தில் நல்ல குரல் தனியாகத் தெரியத்தான் செய்யும். அந்தக் குரலுக்குப் பாராட்டும் தட்சிணையும் தனியாகக் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் மேடைக்கும் தரைக்கும் நடுவில் திரை இல்லை.

கூடவே ஜெயதேவர். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர், கீத கோவிந்தம் எழுதியவர். அவருடைய தசாவதாரப் பாட்டை மெய்தேய் உச்சரிப்பில் சமஸ்கிருதமாகப் பாடிக்கொண்டு குதித்துக் குதித்து ஆடுவதற்கு 'ஜெயதேவ் சோங்பா' என்று பெயர். சோங்பா என்றால் குதிப்பது. அந்த சமஸ்கிருதத்தைக் கேட்டால் நம்மூர் சாஸ்திரிகள் முகம் சுளிக்கக்கூடும். குதிக்கிற குழந்தைகளுக்கு அதைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் சாப்பாடு. கிச்சடி. நம்மூர் ரவா கிச்சடி என்று நினைத்துவிடாதீர்கள். அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்தது, நம் வெண்பொங்கலுக்கு ஒன்றுவிட்ட அக்கா. தாமரை இலையில் பரிமாறுகிறார்கள். ஏரியும் குளமுமாக இருக்கிற பள்ளத்தாக்கு. தாமரை இலைக்குப் பஞ்சமில்லாத காலம். சுடச்சுட விழுகிற கிச்சடியில் அந்த இலையின் பச்சை வாசனை ஏறும். மணிப்பூர்க்காரர்களிடம் காங் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பத்துக்கு எட்டுப் பேர் தேரைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள். முதலில் இந்த இலைதான் வரும்.

ஆக, தேர் பூரியிலிருந்து வந்தது, சரி. இந்தக் குரலும் தட்டும் சேர்ந்த பாட்டு எந்த ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வந்தது?

*

யுனெஸ்கோ 2013-ல் மணிப்பூரின் சங்கீர்த்தனத்தை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சடங்குப் பாட்டு, மத்தளம், ஆட்டம் எல்லாம் சேர்ந்த பெரிய மரபு அது. காது குத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் சங்கீர்த்தனம் உண்டு. கேட்கிறவர்கள் அழுவார்கள், பாடுகிறவர் காலில் விழுவார்கள். குபாக் இஷையும் இந்த மரபுக் குடும்பம்தான்.

யுனெஸ்கோ சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம், அதை நாம் மேடையில் பார்க்கிற விதத்தில். வெளியூர் கலை விழாவுக்கு மணிப்பூர் குழு வந்தால் நமக்கு என்ன காட்டுவார்கள்? மத்தளத்தைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் அந்தரத்தில் சுழல்கிற புங் சோலோம். பத்து நிமிஷம். கைத்தட்டு. அடுத்தது பாங்ரா. அந்தச் சுழற்சி அற்புதம், சந்தேகமில்லை. ஆனால் மணிக்கணக்கில் மெல்ல ஏறி வருகிற ஒரு பாட்டைப் பத்து நிமிஷ ஸ்லாட்டுக்குள் எப்படி அடைப்பது? அடைக்க முடியாது என்பதாலேயே நமக்குக் காட்டுவதில்லை. நாம் பார்க்காததாலேயே அது இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். விழா ஏற்பாட்டாளர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு ராத்திரி, ஒரே குழு, டைம் லிமிட் கிடையாது என்று ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கூட்டம் பாதியில் எழுந்து போனால் போகட்டும். மீதிப் பாதி மறக்காது.

*

இவ்வளவு நல்லதைச் சொன்னேன். இப்போது வழக்கு.

மெய்தேய்கள் ஆதியிலிருந்தே வைஷ்ணவர்கள் இல்லை. அவர்களுக்கு சனாமஹி, லெய்மாரெல், பாகங்பா என்று சொந்த தெய்வங்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாம்ஹைபா என்று ஒரு ராஜா. கரீப் நிவாஸ் என்றும் பெயர். பாரசீகப் பட்டம், மெய்தேய் ராஜா, பிடித்துக்கொண்டது ராமானந்தி வைஷ்ணவம்! சாந்திதாஸ் கோஸ்வாமி என்கிற குருவின் பேச்சைக் கேட்டு, நாட்டையே புது மதத்துக்கு மாற்ற முனைந்தார். பழைய சமய ஏடுகளான புயாக்களைக் குவித்துத் தீ வைத்தார். 1729 என்று மரபாகச் சொல்கிறார்கள். 'புயா மெய் தாபா', ஏடு எரிப்பு. அந்த நாளை இன்றும் துக்க நாளாக நினைவுகூர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பாக்யசந்திரா. இவர் வங்காளத்துச் சைதன்யர் வழி. இவரது கையில் மதம் கொஞ்சம் மென்மையாகிறது. 1779-ல் ராச லீலை அரங்கேறுகிறது. கோவிந்தஜி வருகிறார். சைதன்யர் தன் கடைசிக் காலத்தைப் பூரியில் கழித்து, ஜகந்நாதர் தேருக்கு முன்னால் ஆடியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வழியில் வந்தவர்கள் ஊரில் தேர் பற்றிய ஆசை இருந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் தேர் வந்தது 1832-ல். கம்பீர் சிங் காலத்தில். இந்த வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். 1819-லிருந்து ஏழு வருஷம் பர்மியப் படை மணிப்பூரை நாசம் பண்ணியது. 'சாஹி தாரேத் குந்தாக்பா', ஏழாண்டுப் பேரழிவு என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. பல்லாயிரம் பேரை பர்மாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பினவர்கள் கச்சாருக்கு ஓடினார்கள். பள்ளத்தாக்கு காலியாகக் கிடந்தது. கம்பீர் சிங் ஐநூறு பேர் கொண்ட படையைத் திரட்டி, பிரிட்டிஷ் துப்பாக்கி உதவியோடு 1825-ல் திரும்பி வந்தார். 1826-ல் யாண்டபூ ஒப்பந்தம். அதற்கு ஆறு வருஷம் கழித்து ஒரு ராஜா தெருவில் தேரை விடுகிறார் என்றால், அதில் பக்தி மட்டுமா இருக்கும்? வீட்டு வாசலில் தட்டோடு வந்து நிற்க ஆள் இருக்கிறார்கள், தேர் ஓட தெரு இருக்கிறது, இழுக்கக் கை இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு வருஷத்தில், 1834-ல் அவர் போய்ச் சேர்ந்தார். தேர் நின்றுவிட்டது.

1891 போரில் பிரிட்டிஷார் ஜெயித்து, காங்லா கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். புது அரண்மனை வந்தது, கோவிந்தஜியும் குடிபோனார். காங்லாவை விட்டு அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் வெளியே போக 2004 நவம்பர் ஆயிற்று. சாமியும் ராஜாவும் இடம் மாறியும் தேர் விடவில்லை.

இங்கேதான் கசப்பான பகுதி. அதே அரண்மனை நிழலில் பிரம்ம சபா என்று ஓர் அமைப்பு. சுராசந்த் மகாராஜா காலத்தில் அதற்குக் கொம்பு முளைத்தது. மங்பா, சேங்பா என்று இரண்டு வார்த்தை. தீட்டு, சுத்தம். ஒரு குடும்பத்தை மங்பா என்று அறிவித்துவிட்டால் ஊர் விலக்கு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் யாரும் போகக்கூடாது. திரும்பச் சுத்தமாக வேண்டுமா, காசு கட்டு. நெற்றியில் சந்தனம் இட்டுக்கொள்ள 'சந்தன் சேன்காய்' என்று ஒரு வரி. பக்திக்கு டாக்ஸ்! ஹிஜம் இராபோத் போன்றவர்கள் ஏன் வெகுண்டார்கள் என்று புரிகிறது அல்லவா?

எனவே தேர் வடத்தைப் பற்றிப் பேசும்போது, அதைப் பிடிக்கத் தகுதியில்லை என்று யார் யாரைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். எல்லாரும் தொடலாம் என்று இன்றைக்குச் சொல்கிற விழா மலர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஜெயதேவ் சோங்பாவில்கூட அவ்வளவு உயரம் குதிக்க மாட்டார்கள்.

எதிர்ப்பு வந்தது. கச்சாரில் நாவோரியா புல்லோ 1930-ல் அபோக்பா மாருப் ஆரம்பித்தார். நம் பழைய தெய்வம், பழைய எழுத்து, பழைய பெயர் என்றார். 1945-ல் இம்பாலில் மெய்தேய் மாருப். அந்த வழியில் வந்தவர்கள் காங் சிங்பாவை இறக்குமதிச் சரக்கு என்கிறார்கள். 'அஹோங் கோங் சிங்பா' என்கிற தேரிழுப்பைத் தங்கள் சொந்த மரபு என்று முன்னால் வைக்கிறார்கள்.

இன்னொரு கட்சி, மணிப்பூர் மகாபாரத காலத்திலிருந்தே இந்து நாடு, அர்ச்சுனன் சித்ராங்கதையைக் கட்டிய ஊர் இதுதான் என்கிறது. மகாபாரதத்து மணிப்பூருக்கு அர்ச்சுனன் கலிங்கத்தைத் தாண்டிக் கடற்கரையோரமாகப் போகிறான். இம்பாலில் கடலுக்கு எங்கே போவது? தென்னாட்டுப் பாடங்களில் அதே சித்ராங்கதை பாண்டியன் மகள். அவளை விட்டுவிடுங்கள் பாவம், எத்தனை ஊருக்குத்தான் மருமகளைத் தயார் பண்ணுவாள்.

இரண்டு கட்சிக்கும் ஒரே வியாதி. தேருக்கு ஒரே ஒரு பிறப்புச் சான்றிதழ்தான் இருக்கணும் என்கிறார்கள். இரண்டாவது கட்சி ஏடு எரித்ததை மறைக்கிறது. முதல் கட்சி குபாக் இஷை பாடுகிற பெண்களை மறைக்கிறது. ஏடு எரித்தது அநியாயம். அதற்காக இருநூறு வருஷமாக மெய்தேய்ப் பெண்கள் தங்கள் தொண்டையில் வளர்த்த ஒரு பாட்டு அந்நியமாகிவிடுமா? ராஜா கொண்டுவந்த மதம் என்று கணக்கு எழுதினால், அதை ராஜாவிடமிருந்து பிடுங்கித் தங்கள் லெய்காய் மண்டபத்துக்குக் கொண்டுபோனவர்கள் கணக்கை யார் எழுதுவது?

2005 ஏப்ரலில் இம்பாலில் அரசு மத்திய நூலகத்தை எரித்தார்கள். வங்க எழுத்து ஒழிக, மெய்தேய் மயெக் எழுத்து வாழ்க என்று போராடியவர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகம். மெய்தேய் எழுத்து பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை நியாயமானது, வரவும் செய்தது. ஆனால் ஏடு எரித்ததற்கு வருஷா வருஷம் துக்கம் கொண்டாடுகிற ஓர் இயக்கத்தின் பெயரால் புத்தகம் எரிந்ததை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பாம்ஹைபாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை அவருடைய பக்தர்கள்கூடச் செய்ததில்லை.

கட்சிக்காரர்களை விட்டுவிட்டு ஒரு சாதாரண மெய்தேய் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் சனாமஹி இருப்பார். முற்றத்தில் துளசி மாடம் இருக்கும். வீட்டு அம்மா இரண்டு பேருக்கும் விளக்கேற்றுவார். நீங்கள் இந்துவா, சனாமஹியா என்று அவரிடம் ஒரே பதிலாகக் கேட்டது சென்சஸ் அதிகாரிதான். 2011-ல் அப்படிக் கேட்டு வாங்கிய கணக்கு: மணிப்பூரில் இந்துக்கள் 41.39 சதவீதம், கிறிஸ்தவர்கள் 41.29, முஸ்லிம்கள் 8.4, 'இதர மதம்' 8.2 சதவீதம். இந்த இதரத்தில் பெரும்பாலோர் சனாமஹிக்காரர்கள். இப்படிக் கட்டத்தில் அடைத்துப் பார்த்தால் அந்த அம்மாவின் தென்மேற்கு மூலை ஒரு கட்டத்தில், முற்றம் இன்னொரு கட்டத்தில்.

அந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. 41.29 பேரில் பெரும்பாலோர் மலைக்காரர்கள். நாகா, குக்கி. தீட்டு, சுத்தம் என்கிற பேச்சு பள்ளத்தாக்குக்குள் மெய்தேய்களை மட்டும் பிரிக்கவில்லை. மலையில் இருப்பவனைத் தொடக்கூடாதவனாகவும் ஆக்கியது. பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் நடுவில் நிலம், வேலை, அரசியல், துப்பாக்கி என்று ஆயிரம் காரணம் உண்டு. எல்லாவற்றையும் மதத்தின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். ஆனால் அந்த ஆயிரத்தில் இதுவும் ஒன்று. 2023 மே 3-ல் பற்றிக்கொண்ட கலவரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சுமார் அறுபதாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். இம்பாலிலிருந்து சுராசந்த்பூர் அறுபது சொச்சம் கிலோமீட்டர். அந்த அறுபதைத் தாண்ட முடியாமல் இரண்டு பக்கமும் ஜனங்கள் முகாம்களில் கிடந்தார்கள். சுராசந்த்பூர் என்கிற பெயரே அந்த பிரம்ம சபா காலத்து மகாராஜாவின் பெயர்தான் என்பதையும், அங்கே குக்கிகள் அதை லம்கா என்று சொல்வதையும் இங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

1832-ல் ஒரு பேரழிவுக்குப் பிறகு ஓடிய தேர், 2023 பேரழிவுக்குப் பிறகும் சமாதானம் கொண்டுவரும் என்று யாராவது விழா மேடையில் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சை நான் நம்பத் தயாரில்லை. கம்பீர் சிங்கின் தேருக்கு முன்னால் தட்டோடு நின்றவர்கள் திரும்பி வந்த ஓர் ஊர். இது இரண்டாகப் பிளந்த ஊர். தேர் மேல் அந்த பாரத்தையும் ஏற்றினால் அச்சு முறியும். சனாதோங் வரை போய்த் திரும்புகிற ஒரு மரத் தேரிடம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைக் கேட்பது அதற்குச் செய்கிற மரியாதையும் இல்லை.

2032-ல் இந்தத் தேருக்கு இருநூறு வயசு. சிறப்பு மலர், தபால் தலை, டெல்லியிலிருந்து மந்திரி எல்லாம் நிச்சயம் உண்டு. மலரில் கம்பீர் சிங்குக்கு முழுப் பக்கம் படம் போடுவார்கள், போடட்டும், தகுதியானவர். மங்பா என்று தள்ளிவைக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குகிறார்களா என்று நான் புரட்டிப் பார்ப்பேன். அப்புறம் அந்தப் பத்து சாயங்காலமும் பாடப் போகிற பெண்களின் பெயர்கள். 'குழுவினர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், ஒவ்வொரு பெயராக அச்சடிக்கிறார்களா என்றும்.